ஐரோப்பிய வரலாற்று ஆய்வு நூலை எப்படிப் படிப்பது? ஒரு கிராமத்து வழக்கை வைத்து முழுமையான வழிகாட்டி

ஆர்வத்தோடு ஒரு வரலாற்று ஆய்வு நூலை வாங்கி முதல் பக்கத்திலிருந்து தொடங்குகிறோம். நாற்பதாவது பக்கம் வரும்போது யார் யாருக்குச் சித்தப்பா, எந்த ஊர் எந்த அரசின் கீழ் என்பதெல்லாம் குழம்பிவிடுகிறது. புத்தகம் அலமாரிக்குப் போய்விடுகிறது. எங்கள் வாசிப்பு வட்டத்துக்குப் புதிதாக வருபவர்களிடம் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். நன்றாக ஆங்கிலம் தெரிந்தவர்களும் இதே இடத்தில்தான் நிற்கிறார்கள். நாவல் படிக்கிற வரிசையிலேயே ஆய்வு நூலையும் படிப்பதுதான் காரணம்.

ஆய்வு நூல் ஒரு வாதம். எழுதியவர் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, தப்பிப் பிழைத்த பழைய தாள்களை வைத்து, இப்படித்தான் இருந்திருக்கும் என்று நம்மை ஏற்கவைக்கப் பார்க்கிறார். ஆகவே படிக்கும்போது நம் கையில் எப்போதும் ஒரு கேள்வி இருக்க வேண்டும்: இதை எந்தத் தாளை வைத்துச் சொல்கிறார், அந்தத் தாளை எழுதியது யார்? கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த ஒரு கேள்விக்காகத்தான்.

பயிற்சிக்கு ஒரே நூலை எடுத்துக்கொள்வோம். நாடலி ஸீமன் டேவிஸ் 1983இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘மார்ட்டின் கேரின் திரும்புகை’. பிரான்சின் தெற்கே, பிரனீஸ் மலையடிவாரத்தில் ஆர்த்திகா என்ற சிற்றூர். 1548இல் மார்ட்டின் கேர் என்ற இளைஞன் மனைவி பெர்த்ராந்தையும் குழந்தையையும் விட்டுவிட்டு ஓடிப்போகிறான். 1556இல் ஒருவன் வந்து “நான்தான் மார்ட்டின்” என்கிறான். ஊரும் மனைவியும் ஏற்றுக்கொள்கிறார்கள். மூன்று ஆண்டுகளுக்கு மேல் குடும்பம் நடக்கிறது. பிறகு சித்தப்பா பியேர் வழக்குப் போடுகிறார். 1560இல் துலூஸ் நீதிமன்றத்தில் தீர்ப்பு சொல்லப்போகும் நேரத்தில் மரக்காலோடு உண்மையான மார்ட்டின் வந்து நிற்கிறான். 1556இல் வந்தவன் அர்னோ து தீல் என்ற வேறு ஊர்க்காரன் என்று முடிவாகி, கேர் வீட்டு வாசலிலேயே தூக்கிலிடப்படுகிறான்.

கதையை இங்கேயே முழுதாகச் சொல்லிவிட்டதற்குக் காரணம் உண்டு. முடிவு தெரிந்தபின் படித்தால் கண் வாதத்தின் மேல் போகும்.

1. தொடங்கும் முன் மேசையில் வேண்டியவை

நூல் பேசும் காலத்து வரைபடம் ஒன்று வேண்டும். இன்றைய ஐரோப்பிய வரைபடம் உதவாது, வழிதவறவும் வைக்கும். இத்தாலி ஒரே அரசாக அறிவிக்கப்பட்டது 1861இல். ஜெர்மானியப் பேரரசு உருவானது 1871இல். 16ஆம் நூற்றாண்டைப் பற்றிய நூலில் ‘ஜெர்மனி’ என்று வந்தால் அது பல சிற்றரசுகளும் தன்னாட்சி நகரங்களும் கலந்த நிலப்பரப்பு.

இரண்டு முழுத்தாள்கள் வேண்டும். ஒன்றில் பெயர்கள், நாட்கள், பணம். மற்றொன்றில் சான்றுகள். குறிப்பேட்டைவிடத் தனித்தாள் நல்லது, படிக்கும் பக்கத்துக்குப் பக்கத்திலேயே விரித்து வைத்துக்கொள்ளலாம். அப்புறம் ஒரு பென்சில். பேனா வேண்டாம், முதல் வாசிப்பில் முக்கியமாகப் பட்டது இரண்டாவதில் பெரும்பாலும் மாறிவிடும்.

அந்தக் காலத்தைப் பற்றிய பொதுவான அறிமுகம் இருபது முப்பது பக்கம் படித்திருந்தால் போதும். ‘முழுப் பின்னணியும் தெரிந்தபின் தொடங்கலாம்’ என்று காத்திருப்பவர்கள் தொடங்கி நான் பார்த்ததில்லை.

2. முதல் நூல் சிறியதாக இருக்கட்டும்

மிகப் பெரிய பெயரிலிருந்து தொடங்க வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். பெர்னான் பிரோடெல் மத்தியதரைக் கடல் உலகைப் பற்றி 1949இல் வெளியிட்ட பெருநூலை எடுப்பார்கள். அது மூன்று பகுதிகளால் ஆனது. முதல் பகுதி மலைகள், சமவெளிகள், கடல், பருவநிலை. இரண்டாவது மக்கள்தொகை, வணிகம், பேரரசுகள், சமூகம். போர்களும் அரசர்களும் மூன்றாவதில்தான் வருகிறார்கள். மெல்ல மாறுவதுதான் ஆழமானது என்பது பிரோடெலின் வாதம், அதனால்தான் அந்த வரிசை. அது தெரியாமல் நுழைபவர் மலைகளிலேயே களைத்துப்போகிறார்.

ஒரு ஊர், ஒரு வழக்கு, ஒரு மனிதர் என்று குறுகிய களத்தை எடுத்துக்கொண்ட நூலில் தொடங்குங்கள். பெயர்கள் குறைவு, சான்றுகள் கண்ணுக்குத் தெரியும் அளவில் இருக்கும், வாதம் எங்கே பலமாக நிற்கிறது, எங்கே தள்ளாடுகிறது என்று நாமே பார்க்கலாம். டேவிஸின் நூல் பின்குறிப்புகளையும் சேர்த்து 200 பக்கத்தைத் தொடாது.

3. நூலை வெளியிலிருந்து உள்ளே படியுங்கள்

முதலில் தலைப்புப் பக்கமும் அதன் பின்பக்கமும். முதல் பதிப்பு எந்த ஆண்டு, மொழிபெயர்ப்பா என்று பாருங்கள். 1950களில் எழுதியவருக்கும் 1990களில் எழுதியவருக்கும் கிடைத்த ஆவணங்கள் ஒன்றல்ல. கிழக்கு ஐரோப்பாவைப் பற்றிய நூல் என்றால் கம்யூனிச ஆட்சிகள் சரிந்த 1989க்கு முன்னா பின்னா என்பதே பெரிய வேறுபாடு, அதன்பிறகுதான் பல ஆவணக்காப்பகங்கள் திறந்தன.

அடுத்தது பொருளடக்கம். இதில் பத்து நிமிடம் செலவிடுங்கள். நம் நூலில் 12 இயல்கள். உண்மையான மார்ட்டின் திரும்பி வருவது ஒன்பதாவது இயலில். வழக்கு முடிந்தபிறகும் ஏன் மூன்று இயல்கள்? அவை இந்தக் கதையை எழுதியவர்களைப் பற்றியவை: நீதிபதி ழான் த கோராஸ், அவர் எழுதிய நூலின் பயணம், கட்டுரையாளர் மோன்தேன். ஆக, ‘நடந்தது என்ன’ என்பதோடு ‘நடந்தது நம்மிடம் எப்படி வந்து சேர்ந்தது’ என்பதும் டேவிஸின் கேள்வி. ஐந்தாவது இயலின் தலைப்பு ‘உருவாக்கிக்கொண்ட மணவாழ்க்கை’. பெர்த்ராந்த் ஏமாந்தவள் அல்ல, தெரிந்தேதான் அந்த ஆளோடு வாழ்ந்தாள் என்ற மைய வாதம் அந்தத் தலைப்பிலேயே இருக்கிறது.

பிறகு பின்பக்கம் போய்ச் சொல்லடைவைப் பாருங்கள். எந்தப் பெயருக்கு எதிரே அதிகப் பக்க எண்கள் இருக்கின்றனவோ அவர்களே நூலைத் தாங்குபவர்கள். அந்த ஏழெட்டுப் பெயர்களை மட்டும் முதல் தாளில் எழுதுங்கள். மற்ற பெயர்களை மறக்கலாம், தேவைப்பட்டால் சொல்லடைவு இருக்கிறது.

4. முன்னுரையில் கேள்வியைப் பிடியுங்கள்

ஆய்வு நூலில் முன்னுரையைத் தாண்டிப் போகவே கூடாது. எழுதியவர் தன் கேள்வியையும், தன்னிடம் இல்லாததையும் இங்கேதான் ஒப்புக்கொள்கிறார். 1600க்கு முந்திய குற்றவழக்குகளின் முழுச் சாட்சியப் பதிவுகள் துலூஸ் நீதிமன்றத்துக்கு மிஞ்சவில்லை என்று டேவிஸ் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். தான் தருவதில் ஒரு பகுதி தன் புனைவு என்றும், ஆனால் அது அந்தக் காலத்துக் குரல்களால் இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டது என்றும் கூறுகிறார். இதைத் தாண்டிப் போனவர் பின்னால் வரும் ஒவ்வொரு ‘ஒருவேளை’யையும் தவறாகப் படிப்பார்.

முன்னுரை முடிந்ததும் நூலை மூடிவிட்டு, ‘இந்த நூல் கேட்கும் கேள்வி…’ என்று தொடங்கி உங்கள் சொற்களில் தமிழில் ஒரே வாக்கியம் எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் ஆசிரியரின் சொற்களையே திருப்பி எழுதிவிடுவோம், புரிந்ததா என்று தெரியாது. வாக்கியம் வரவில்லை என்றால் முன்னுரையை மறுபடி படியுங்கள். அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

5. நாள், பணம், பெயர், சொல்: முதல் தாளை நிரப்புதல்

இதை இயல்களுக்குள் நுழையும் முன் செய்ய வேண்டும். பாதியில் நிறுத்தி நிறுத்தித் தேடினால் வாதத்தின் இழை அறுந்துவிடும்.

நாள். 1564இல் ஒன்பதாம் சார்ல்ஸ் மன்னன் இட்ட ஆணையால்தான் பிரான்சில் ஜனவரி 1 ஆண்டுப் பிறப்பானது. அதற்கு முன் பல பகுதிகளில் ஈஸ்டரில் ஆண்டு பிறந்தது. ஆகவே மூல ஆவணத்தில் ‘பிப்ரவரி 1559’ என்று இருந்தால் அது நம் கணக்கில் 1560ஆக இருக்கலாம். இங்கிலாந்தில் 1752 வரை சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25இல். முதலாம் சார்ல்ஸ் மன்னன் கொல்லப்பட்ட 1649 ஜனவரி 30, அந்தக் காலத்து ஆங்கிலேயருக்கு 1648. இத்தோடு நாட்காட்டி மாற்றமும் உண்டு. 1582இல் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் அக்டோபர் 4க்கு அடுத்த நாள் அக்டோபர் 15 ஆனது. ரஷ்யா 1918இல்தான் மாறியது, அதனால்தான் ‘அக்டோபர் புரட்சி’ நம் நாட்காட்டியில் நவம்பர் 7. நூலாசிரியர் எந்தக் கணக்கைப் பின்பற்றுகிறார் என்பது பெரும்பாலும் முன்னுரைக்குப் பக்கத்தில் ஒரு சிறு குறிப்பாக இருக்கும். அதைத் தேடி எடுத்துத் தாளில் எழுதிவிடுங்கள்.

பணம். பிரான்சில் 1 லீவ்ர் என்பது 20 சூ, 1 சூ என்பது 12 தெனியே. இங்கிலாந்தின் பவுண்டு, ஷில்லிங், பென்னியும் இதே கணக்கு, 1971 வரை நீடித்தது. அணாவும் தம்பிடியும் புழங்கிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். புதியவர்கள் செய்யும் தவறு, இதை ரூபாய்க்கு மாற்றிப் பார்ப்பது. 16ஆம் நூற்றாண்டில் சோறும் துணியும் கூலியும் இன்றைய விகிதத்தில் இல்லை, ஆகவே அந்த மாற்றத்துக்குப் பொருளே இல்லை. நூலுக்குள்ளேயே எங்காவது ஒரு நாள் கூலியோ தானிய விலையோ வரும். அதைத் தாளில் எழுதி, மற்ற தொகைகளை அதனோடு ஒப்பிடுங்கள்.

பெயர். ஒரே மனிதர் பல பெயர்களில் வருவார். ஸ்பெயினின் முதலாம் கார்லோஸும் புனித ரோமப் பேரரசன் ஐந்தாம் சார்ல்ஸும் ஒரே ஆள்தான். ஊர்களும் அப்படியே: பழைய நூலில் டான்சிக், புதிய நூலில் க்டான்ஸ்க். லெம்பர்க், ல்வூவ், ல்விவ் மூன்றும் ஒரே நகரம். எந்தப் பெயரைப் பயன்படுத்துவது என்பதிலேயே அரசியல் இருப்பதால், ஆசிரியர் எதைத் தேர்ந்தெடுத்தார் என்பதையும் கவனியுங்கள்.

சொல். என்னைப் பொறுத்தவரை இதுதான் மிக ஆபத்தானது, ஏனென்றால் புரியவில்லை என்பதே நமக்குத் தெரியாது. துலூஸின் ‘பார்லமான்’ என்ற சொல்லைப் பார்த்ததும் பலரும் நாடாளுமன்றம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பழைய பிரான்சில் அது உயர் நீதிமன்றம். இதைத் தவறாகப் புரிந்துகொண்டு, ஒரு குடியானவனின் வழக்கு நாடாளுமன்றம் வரை போயிருக்கிறதே என்று வியந்து இரண்டு வாரம் பேசிய நண்பர்கள் உண்டு. பிரெஞ்சுப் புரட்சி நூல்களில் வரும் ‘மூன்றாம் எஸ்டேட்’ தோட்டமோ சொத்தோ அல்ல, சமூகப் படிநிலை. தெரிந்த சொல் பொருந்தாத இடத்தில் வந்தால் உடனே சந்தேகப்படுங்கள்.

6. முதல் வாசிப்பு: வேகமாக, நிற்காமல்

இரண்டு மூன்று நாட்களுக்குள் முழு நூலையும் ஓடிப் படியுங்கள். பின்குறிப்புகளைப் பார்க்க வேண்டாம், அகராதியை எடுக்க வேண்டாம். ஒவ்வொரு இயலின் முடிவிலும் ‘இங்கே எதை நிறுவப் பார்த்தார்’ என்று ஒரு வரி மட்டும். இந்த வாசிப்பின் நோக்கம் வாதத்தின் உருவம் மனதில் விழுவது. மெதுவாகப் படித்தால் ஐந்தாவது இயலுக்கு வரும்போது முதலாவது மறந்திருக்கும்.

7. இரண்டாம் வாசிப்பு: சான்றைத் தேடிப் போதல்

நூலின் உயிர் இங்கேதான். இரண்டாவது தாளை எடுத்துக்கொள்ளுங்கள். மைய வாதம் நிற்கிற இரண்டு இயல்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். நம் நூலில் பெர்த்ராந்தைப் பற்றிய மூன்றாவதும், ‘உருவாக்கிக்கொண்ட மணவாழ்க்கை’ என்ற ஐந்தாவதும்.

தாளில் மூன்று பத்திகள் கோடிடுங்கள்: ஆசிரியர் சொல்வது, எந்தத் தாள், அதை எழுதியவர் யார்.

முதலில் பென்சிலால் ‘ஒருவேளை’, ‘இருந்திருக்கலாம்’, ‘இருந்திருக்க வேண்டும்’ என்ற பொருளில் வரும் எல்லா ஆங்கிலச் சொற்களையும் வட்டமிடுங்கள். டேவிஸ் இவற்றை நேர்மையாகவும் தாராளமாகவும் பயன்படுத்துகிறார். வட்டங்கள் அடர்த்தியாக இருக்கும் பக்கம் சான்று மெலிந்த பக்கம். அங்கேதான் நாம் விழித்திருக்க வேண்டும்.

பிறகு பின்குறிப்பு. சுருக்கெழுத்துகளைக் கண்டு பயப்பட வேண்டாம், பட்டியல் நூலின் பின்பக்கத்தில் இருக்கும். ‘ஃபோல். 112 வி’ என்றால் 112ஆம் ஏட்டின் பின்பக்கம், ‘ஆர்’ என்றால் முன்பக்கம். பழைய கையெழுத்துப் பிரதியில் பக்கத்துக்கு அல்ல, ஏட்டுக்குத்தான் எண். ‘இபிட்.’ என்றால் மேலே சொன்ன அதே இடம். ஒரே சுருக்கம் இரண்டு நூல்களில் இரண்டு பொருள் தரும்: ‘ஏ.எஸ்.வி.’ ஒரு நூலில் வெனிஸ் அரசு ஆவணக்காப்பகம், இன்னொன்றில் வத்திக்கான் ரகசிய ஆவணக்காப்பகம். பின்னதன் பெயர் 2019இல் மாற்றப்பட்டது, ஆனால் பழைய நூல்களில் பழைய சுருக்கம்தான். ஆகவே ஒரு நூலில் கற்ற சுருக்கத்தை அடுத்த நூலுக்கு எடுத்துப் போகாதீர்கள்.

இப்போது மூன்றாவது பத்தி. வழக்கைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி கோராஸ் 1561இல் வெளியிட்ட நூலிலிருந்து வருகிறது. யார் இந்தக் கோராஸ்? துலூஸில் வழக்கை விசாரித்தவர்களில் ஒருவர், சட்ட அறிஞர். வந்தவனை ஏறக்குறைய நம்பித் தீர்ப்பு சொல்லப்போன நீதிமன்றத்தில் இருந்தவர். அவர் நமக்குத் தரும் விவரங்கள் அருமையானவை. கீழ்நீதிமன்றத்தில் ஏறக்குறைய 150 பேர் சாட்சி சொன்னார்கள், அவர்களில் 60 பேருக்கு மேல் இவன்தான் அவன் என்றோ இல்லை என்றோ சொல்ல மறுத்தார்கள். செருப்புத் தைப்பவர் வந்து, மார்ட்டினின் கால் அளவு 12, இவனுடையது 9 என்றார். கேர் குடும்பம் பாஸ்க் நாட்டின் ஹென்டாயிலிருந்து 1527இல் ஆர்த்திகாவுக்குக் குடிவந்தது, ஆனால் இவனுக்கோ பாஸ்க் மொழியில் சில சொற்களே தெரிந்திருந்தன.

இத்தனையும் சொல்கிற கோராஸ், பெர்த்ராந்தை ஏமாற்றப்பட்ட பெண்ணாகக் காட்டுகிறார். நீதிமன்றமும் அவள் நல்லெண்ணத்தை ஏற்று அவளை விடுவித்தது. டேவிஸ் கேட்பது இது: மூன்று ஆண்டுக்கு மேல் உடன் வாழ்ந்தவளுக்கு உண்மையிலேயே தெரியாதா? பெர்த்ராந்த் தன் கையால் எழுதிய ஒரு வரியும் இல்லை. ஆகவே டேவிஸ் அந்த வட்டாரத்து மணஒப்பந்தங்கள், உயில்கள் போன்ற பத்திரங்களிலிருந்து அங்குள்ள பெண்களுக்கு என்ன வழிகள் இருந்தன என்று பார்த்து, அதிலிருந்து பெர்த்ராந்தின் மனதுக்குப் போகிறார்.

உங்கள் மூன்று பத்திகளில் இந்த இடைவெளி அப்படியே தெரியும். ‘ஆசிரியர் சொல்வது’ பெர்த்ராந்தைப் பற்றி. ‘எந்தத் தாள்’ பக்கத்து ஊர்ப் பெண்களைப் பற்றி. இது ஏற்கத்தக்க தாவலா? முடிவை நீங்களே எடுத்து, தேதியோடு தாளின் அடியில் எழுதுங்கள். எனக்கு அந்தத் தாவல் பெரும்பாலும் ஏற்புடையதாகவே இருக்கிறது. அவள் மௌனத்துக்கும் ஒரு பொருள் உண்டு என்று கேட்டதே பெரிய காரியம் என்று நினைக்கிறேன். எங்கள் வட்டத்தில் பாதிப்பேர் ஏற்கவில்லை.

8. எதிர்வாதத்தை இதற்குப் பிறகே படியுங்கள்

மதிப்புரையை முதலிலேயே படித்துவிடுவது பொதுவான தவறு. அப்புறம் நூல் முழுவதும் இன்னொருவர் கண்ணால்தான் தெரியும். உங்கள் தாளில் தீர்ப்பு எழுதியபின் படித்தால், நீங்கள் தவறவிட்டதும் அவர்கள் தவறவிட்டதும் இரண்டுமே புலப்படும்.

நம் நூலுக்கு நல்வாய்ப்பாக ஒரு முழு விவாதமே இருக்கிறது. ‘அமெரிக்கன் ஹிஸ்டாரிக்கல் ரிவ்யூ’ ஆய்விதழில் 1988 ஜூனில் ராபர்ட் ஃபின்லே, மூலச் சான்றுகள் பெர்த்ராந்தை ஏமாந்தவளாகத்தான் காட்டுகின்றன, டேவிஸ் சான்று இல்லாததைச் சேர்க்கிறார் என்று கடுமையாக எழுதினார். அதே இதழில் டேவிஸின் பதிலும் வந்தது. இரண்டையும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் படியுங்கள். கோராஸின் அதே வரிகளை இருவரும் எப்படி வெவ்வேறாகப் படிக்கிறார்கள் என்பது உங்கள் தாளோடு ஒப்பிட்டால் தெளிவாகும்.

பொதுவாக மதிப்புரைகள் நூல் வெளிவந்து ஓரிரு ஆண்டுகள் கழித்தே ஆய்விதழ்களில் வரும். ஜேஸ்டோர் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கினால் கட்டுரைகள் பலவற்றை இணையத்திலேயே படிக்கலாம். இரண்டு மதிப்புரைகள் போதும், ஒன்று பாராட்டுவதாகவும் ஒன்று மறுப்பதாகவும் இருக்கட்டும்.

இந்த வழக்கை வைத்து 1982இல் ஒரு பிரெஞ்சுத் திரைப்படம் வந்தது, டேவிஸ் அதற்கு ஆலோசகராக இருந்தார். குடும்பத்தின் பாஸ்க் பின்னணியும் கிராமத்தில் பரவிய புராட்டஸ்டன்ட் சமயமும் படத்தில் விடுபட்டன என்று நூலின் தொடக்கத்தில் அவரே குறிப்பிடுகிறார். படத்தையும் கடைசியில்தான் பார்க்க வேண்டும். முதலில் பார்த்தால் நடிகர்களின் முகம் மனதில் ஒட்டிக்கொண்டு சான்றை மறைத்துவிடும்.

9. அடுத்த நூலைத் தேர்ந்தெடுத்தல்

அடுத்ததும் நீதிமன்றத் தாள்களில் பிறந்த நூலாக இருக்கட்டும், இதே முறை உடனே பொருந்தும். கார்லோ கின்ஸ்புர்க் 1976இல் எழுதிய ‘பாலாடைக்கட்டியும் புழுக்களும்’ ஒன்று. வட இத்தாலியின் ஃபிரியூலியில் மெனோக்கியோ என்று அழைக்கப்பட்ட மாவு ஆலைக்காரர், பாலில் பாலாடைக்கட்டி உறைந்து அதில் புழுக்கள் தோன்றுவதுபோல உலகமும் தேவதூதர்களும் உண்டானார்கள் என்று சொல்லி மத விசாரணை மன்றத்தின் முன் நின்றார். இங்கே சாட்சியப் பதிவுகளே கிடைத்திருக்கின்றன. டேவிஸுக்கு இல்லாத வசதி அது.

இன்னொன்று தென் பிரான்சின் ஒரு சிற்றூரைப் பற்றி எம்மானுவேல் லெ ருவா லதுரி 1975இல் எழுதிய ‘மோன்தாயு’. ஆயர் ழாக் ஃபூர்னியே 1318 முதல் 1325 வரை நடத்திய மத விசாரணையின் பதிவேடுதான் அடிப்படை. குடியானவர்கள் அந்த வட்டாரத்து ஆக்சிதான் மொழியில் பேசினார்கள், எழுத்தர்கள் லத்தீனில் பதிந்தார்கள், ஃபூர்னியே பின்னாளில் பன்னிரண்டாம் பெனடிக்ட் என்ற பெயரில் போப்பானார். ஆகவே உங்கள் தாளின் மூன்றாவது பத்தியில் இந்த முறை ஒரு பெயர் போதாது. பேசியவர், கேள்வி கேட்டவர், லத்தீனாக்கி எழுதியவர் என்று மூன்று பெயர்களுக்கு இடம் விட்டுக் கோடு போடுங்கள்.